வயிற்றாலை போகும்போது தண்ணீர் கொடுக்கலாமா?

“வயித்தாலை போறவைக்குத் தண்ணி குடுத்தா இன்னும் கூடப் போகும், வயித்தைக் காயப்போடுங்கோ எண்டு அம்மம்மா சொல்லுறா. சரியோ?” என்று சாவகச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அம்மம்மா கண்ணால் கண்டது பிழையில்லை. கடும் வயிற்றோட்டத்தில் வெறும் தண்ணீர் குடித்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே போகும். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் ஆளைக் கொல்லும்.

இப்படிப் பிழையான முடிவு எடுத்தவர் அவர் மட்டுமல்ல. 19ஆம் நூற்றாண்டில் கொலரா, அதாவது நம்மவர் சொல்லும் வாந்திபேதி, பரவியபோது ஐரோப்பிய டொக்டர்மார் நாளத்தை வெட்டி இரத்தம் வடித்தார்கள். பேதியாகிக்கொண்டிருப்பவருக்கே கலோமெல் என்ற பாதரசச் சேர்வையைப் பேதிமருந்தாகக் கொடுத்தார்கள். இங்கே அம்மன் கோபம் என்றோம். அங்கே கெட்ட காற்று என்றார்கள். அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாய்க்கு வந்தபோதும், 1860களில் தமிழிலேயே மேலைமருத்துவம் படிப்பித்தபோதும், கொலராவுக்குக் காரணம் எது என்பதில் மருத்துவ உலகம் ஒருமனப்படவில்லை. ஜேர்மன் விஞ்ஞானி றொபேர்ட் கொக் கொலராக் கிருமியைக் கல்கத்தாவில் பிரித்துக் காட்டியது 1884இல். கிறீன் காலமானதும் அதே ஆண்டுதான்.

இதில் வயிறெரிய வைப்பது ஒன்று உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்து தண்ணீரும் உப்பும் போய்விடுவதை ஓ'ஷோனெசி என்ற இளம் டொக்டர் 1831இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாற்றா உப்புநீரை நேரே நாளத்தில் ஏற்றினார். பிணம்போலக் கிடந்தவர்கள் எழுந்து பேசினார்கள். ஆனால் பேதி நிற்கவில்லை. போகப் போக ஈடுகட்ட வேண்டும் என்பது சரியாகப் பிடிபடாததால் பலர் மறுபடி விழுந்தார்கள். முறையும் கைவிடப்பட்டது.

சரி, குடலுக்குள் என்னதான் நடக்கிறது?

ஒரு நாளில் நம் சிறுகுடலுக்குள் எட்டு ஒன்பது லீற்றர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது சுமார் இரண்டு லீற்றர்தான். மிச்சம் உமிழ்நீர், பித்தம், இரைப்பைச் சாறு என்று உடம்பே ஊற்றுவது. அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிவிடும். மலத்தோடு போவது 100, 200 மில்லிலீற்றர். தண்ணீரை இழுக்கக் குடலிடம் தனியான பம்பு கிடையாது. அது சோடியத்தை நகர்த்தும், தண்ணீர் பின்னாலே போகும்.

கொலராக் கிருமி குடற்சுவரைத் துளைப்பதில்லை. அதன் நச்சின் ஒரு துண்டு கலத்துக்குள் நுழைந்து, ‘திற’, ‘மூடு’ என்று மாறிமாறி இயங்கவேண்டிய ஒரு புரதத்தைத் ‘திற’ நிலையிலேயே இறுக்கிவிடுகிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியமும் தண்ணீரும் அதன் பின்னால் ஓடுகின்றன. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லீற்றர்கூடப் போகும். வழக்கமாகச் சோடியம் உள்ளே வரும் ஒரு வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஆனால் இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சோடி சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். சோடியம் தனியாக வந்தால் இடமில்லை, குளுக்கோஸ் தனியாக வந்தாலும் இல்லை. கொலரா நச்சு இந்த வாசலைத் தொடுவதே இல்லை! ஒருபக்கம் கொட்டிக்கொண்டே இருக்க, மறுபக்கத்தால் சோடியத்தையும் அதன் பின்னால் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டே இருக்கலாம். நச்சு பிடித்த கலங்கள் சில நாளில் தாமாக உதிர்ந்து புதியவை முளைத்துவிடும். அதுவரை ஆளைக் காப்பாற்றினால் போதும்.

இந்தச் சோடிவாசலை 1960இல் முன்மொழிந்த றொபேர்ட் கிறேன், குடல் சீனியை எப்படி உறிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். கொலராவுக்கு மருந்து தேடியவரல்லர். “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று ஆராய்ச்சி நிதிப் படிவங்களில் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை 1968இல் நலின், காஷ் என்ற இரு அமெரிக்க டொக்டர்மார் டாக்காவில் கொலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 1971இல் பங்களாதேஷிலிருந்து ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த இந்திய அகதி முகாமொன்றில் சேலைன் தீர்ந்துபோனபோது, இந்திய டொக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்துப் பீப்பாயில் வைத்து உறவினர்களையே பருக்கச் சொன்னார். 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது.

நாம் பைக்கற்றில் வாங்கும் ஜீவனி என்ற உப்பு-குளுக்கோஸ் பொடி இந்த வகைதான். உலக சுகாதார அமைப்பின் இப்போதைய கணக்கில் ஒரு லீற்றருக்குக் கறியுப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைட்டு 1.5, சித்திரேற்று உப்பு 2.9. பைக்கற் இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு, கரண்டியைத் தலைதட்டி. நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே வெடிப்புகள் ஓடுவதால், “எங்கட கிணறு நல்ல தண்ணி” என்று கொதிக்கவைக்காமல் விடாதீர்கள்.

பிழைப்பது அளவில்தான். அரைப் பைக்கற்றை ஒரு கிளாசில் ‘கண் அளவாக’க் கரைக்கக் கூடாது, எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். சோடாவில் லீற்றருக்கு 100 கிராமளவு சீனி. வாசல் கொள்ளாத சீனி குடலில் தங்கித் தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி கூடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. லேசான வயிற்றோட்டத்துக்குச் சரி, கடுமையானதுக்குக் காணாது. அம்மம்மாவின் உப்புக்கஞ்சி கெட்டிக்கார வேலை: மாச்சத்து மெல்ல மெல்ல உடைந்து, சோடிவாசலுக்கு வேண்டிய குளுக்கோசைத் தவணைமுறையில் கொடுக்கும். தெளிவாக, நீர்ப்பதமாக இருக்கட்டும்.

சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகப் பருக்குங்கள். கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணிநேரம் சலம் போகாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கிவழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள், வழியிலும் பருக்குங்கள். கரைத்ததை 24 மணிநேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். வீட்டில் கரைத்தால் முதலில் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.