சென்சாரைக் கழற்றுவதற்கு முன் மூன்று வயரையும் அளந்துவிடுங்கள்

"அண்ணே, சென்சார் ரெண்டு தடவை மாத்தியாச்சு. திரும்பவும் செக் லைட் எரியுது."

பழைய பெட்ரோல் கார். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஜெர்க் அடிக்கிறது. ஸ்கேனரில் வந்த கோளாறு கோட் பி0123. முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பிலும் இதேதான் வந்திருக்கிறது. பார்த்த கையோடு த்ராட்டில் பொசிஷன் சென்சாரை, அதாவது இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரை, மாற்றிவிட்டார்கள்.

சென்சார் செத்துவிட்டது என்று ஸ்கேனர் எங்கேயும் சொல்லவில்லை. சிக்னல் வயரில் வோல்டேஜ் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குறைந்தால் பி0122.

த்ராட்டிலைக் கேபிள் இழுக்கும் வண்டியில் இந்தச் சென்சார் பழைய ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரிதான். ஒரு வயரில் ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், 5 வோல்ட் கொடுக்கும், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். த்ராட்டில் மூடியிருந்தால் சிக்னலில் 0.5 வோல்ட் அளவில் இருக்கும், முழுக்கத் திறந்தால் 4.5 பக்கம் போகும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

கனெக்டரைக் கழற்றாமல், சாவியை மட்டும் ஆன் செய்து, கனெக்டரின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மீட்டர் முனையை வைத்து அளந்தேன். 5 வோல்ட் சரியாக வருகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போதே சிக்னலில் 4.9. பேட்டரி நெகட்டிவிலிருந்து எர்த் வயரைப் பார்த்தால், 0.1-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் அங்கேயும் கிட்டத்தட்ட 5! எர்த் அறுந்தால் கரண்டுக்குப் போக வழியில்லை, மூன்று வயரும் 5-லேயே நிற்கும். வயரிங்கைக் கொஞ்சம் ஆட்டினேன், சிக்னல் சட்டென்று 0.5-க்கு இறங்கியது.

டேப்பைப் பிரித்தால் எர்த் வயரின் தோலில் ஒரு ஊசித்துளை. எப்போதோ யாரோ டெஸ்ட் லாம்ப் ஊசியைக் குத்திப் பார்த்த இடம். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, செம்பில் களிம்பு ஏறி, உள்ளே அறுந்திருந்தது. முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கன்டினியூட்டி, அதாவது வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று, பார்த்தால் மீட்டர் பீப் அடிக்கத்தான் செய்யும். அதை நம்பித்தான் ஏமாந்திருப்பார்கள். தயவுசெய்து வயரின் தோலைக் குத்தாதீர்கள்.

5 வோல்ட்டே வரவில்லை என்றாலும் உடனே ஈசியு மேல் பழி போட வேண்டாம். பல வண்டிகளில் அதே 5 வோல்ட்தான் மேப் சென்சார் (இன்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), ஏசி பிரஷர் சென்சாருக்கும் போகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்ப வருகிறதோ, ஷார்ட் அங்கே இருக்கிறது.

சென்சாரே தேய்ந்து போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்குள் ஓட்டும் வண்டியில் த்ராட்டில் லேசாகத் திறக்கும் இடம்தான் முதலில் தேயும். மெதுவாகத் திறந்துகொண்டே வோல்டேஜைப் பாருங்கள். நடுவில் ஒரு நொடி விழுந்து எழுவதை டிஜிட்டல் மீட்டர் தவறவிடும், முள் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது உள்ளே விரலை விட்டுவிடாதீர்கள். மோட்டார் மூடினால் விரல் நசுங்கும்.

வயரைச் சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன். முதலில் கழற்றிய ஒரிஜினல் சென்சாரை வண்டிக்காரர் டிக்கியிலேயே வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தால் 0.5-லிருந்து சீராக ஏறுகிறது. இப்போது வண்டியில் இருப்பது அதுதான்.