ஃபிளிப்ட் கிளாஸ்ரூம்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாடம் பள்ளியில், பயிற்சி வீட்டில் என்பது நாம் பழகிய முறை. பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து, பயிற்சியை வகுப்பில் ஆசிரியர் கண்முன்னே செய்தால் அது ஃபிளிப்ட் கிளாஸ்ரூம். ‘ஃபிளிப்’ என்றால் புரட்டிப் போடுவது. இங்கே புரள்வது வேலைகளின் வரிசை.

2000-இல் அமெரிக்கப் பொருளியல் ஆசிரியர்கள் மூவர் இதையே ‘இன்வர்ட்டிங் த கிளாஸ்ரூம்’ என்ற பெயரில் கட்டுரையாக எழுதினார்கள். 2007-இல் கொலராடோவின் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திய ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும் வகுப்புக்கு வராத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பள்ளிகளில் இது பரவியது அதன் பிறகுதான்.

தமிழில் ‘தலைகீழ் வகுப்பறை’ என்று எழுதுகிறார்கள். பொருள் சரி, ஆனால் நம் பேச்சில் ‘எல்லாம் தலைகீழாப் போச்சு’ என்றால் கெட்டுப்போனது என்றுதான் அர்த்தம். ‘புரட்டு வகுப்பறை’ இன்னும் மோசம், பொய் பித்தலாட்டம் நினைவுக்கு வரும். ‘முறைமாற்று வகுப்பு’ என்பது பொருந்தும்.

பெரிய பிள்ளைகளுக்காகப் பிறந்த இந்த முறையை ஆறேழு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்க அப்படியே எடுக்க முடியாது. இலக்கணத்தை விட்டுவிட்டு ஒலியில் தொடங்கலாம். ‘ஃபேன்’ என்பதைத் தமிழ்க் குழந்தை ‘பேனு’ என்கிறது. இதில் இரண்டு சிக்கல்: மேல்பல் கீழுதட்டைத் தொடவில்லை, கடைசி மெய்யோடு ஓர் உகரம் ஒட்டிக்கொண்டது. நாற்பது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு ஆசிரியரின் உதடு தெரியாது. வீடியோவில் வாயை மட்டும் குளோசப்பில் காட்டலாம், குழந்தையும் வேண்டிய தடவை ஓட்டிப் பார்க்கும். வீடியோவின் உண்மையான பயன் இதுதான்.

மூன்று நிமிடம், ஐந்து சொல் போதும். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் மூன்று நொடி மௌனம் விடுங்கள். இல்லாவிட்டால் குழந்தை வாய் திறக்காமல் வேடிக்கை பார்க்கும். பின்னணி இசை வேண்டாம், ‘ஃப’வின் மெல்லிய காற்றொலியை அது விழுங்கிவிடும். வெளிச்சம் முகத்தில் விழட்டும்; ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வாய் கறுத்துத்தான் தெரியும்.

மறுநாள் வகுப்பில் படஅட்டை விளையாட்டு. ஆசிரியர் ‘ஃபேன்’ (fan) அல்லது ‘பேன்’ (pan) என்கிறார். குழந்தை மின்விசிறியையோ வாணலியையோ தூக்கிக் காட்டுகிறது. பிறகு இருவர் இருவராக, ஒருவர் சொல்ல மற்றவர் காட்ட வேண்டும். தவறான அட்டை எழும்பினால் சொன்னவருக்கே தன் உதடு எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்.

வழக்கமாகச் சறுக்குமிடம் வேறு. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு இரவு எட்டு மணிக்குத்தான் வரும். சிலர் பார்க்காமல் வருவார்கள். அவர்களுக்காக ஆசிரியர் முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தினால், பார்த்து வந்தவர்களும் அடுத்த வாரம் பார்க்க மாட்டார்கள். வகுப்பு மூலையில் ஒரு டேப்லெட்டை வையுங்கள். பார்க்காதவர்கள் முதல் ஐந்து நிமிடம் அங்கே பார்த்துவிட்டு ஆட்டத்தில் சேரட்டும்.