ஹெல்ஹவுண்ட்: தமிழில் எமநாய்

பேய்க்கதைகளிலும் வீடியோ கேம்களிலும் அடிக்கடி வரும் சொல் ஹெல்ஹவுண்ட். கன்னங்கரேல் என்று கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய், சிவந்து எரியும் கண்கள், ராத்திரியில் தனியாகப் போகிறவர் பின்னால் சத்தமில்லாமல் வரும். அதைப் பார்த்தவருக்குச் சாவு நெருங்கிவிட்டது என்பது நம்பிக்கை. கோத்தகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் 'நரக வேட்டைநாய்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயரின் இரண்டு பாதியுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் 'வேட்டை'. பழைய ஆங்கிலத்தில் 'ஹுண்ட்' என்றால் எந்த நாயும்தான். ஜெர்மனில் இன்றைக்கும் அப்படித்தான். வேட்டைநாய் என்ற குறுகிய பொருள் பின்னால் வந்தது. நம் மலையில் அந்தப் பொருளே நிலைத்துவிட்டதற்குக் காரணம் உண்டு. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் குதிரையேறி நரி விரட்டக் கூட்டிப்போன நாய்களுக்கு ஹவுண்ட் என்றுதான் பெயர்.

அப்புறம் 'நரகம்'. 'ஹெல்' என்பதன் வேருக்கு மறைத்தல், மூடுதல் என்று பொருள். செத்தவர்கள் போய்ச் சேரும் மறைவான உலகம் அது. பாவத்துக்குத் தண்டனை என்ற எண்ணம் கிறித்தவத்தோடு வந்து சேர்ந்தது. ஆக, ஹெல்ஹவுண்ட் என்பது அடியில் 'இறந்தோர் உலகத்து நாய்'. கிரேக்கர்களின் மூன்று தலை நாய் கெர்பெரோஸ் அந்த உலகத்தின் வாசலைக் காக்கிறது. வடநாட்டு ஐரோப்பியக் கதைகளில் கார்ம் என்று ஒன்று. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பிளாக் ஷக். 1577 ஆகஸ்ட் 4 அன்று பெரும் இடிமழைக்கு நடுவே பங்கே ஊர்த் தேவாலயத்துக்குள் ஒரு கறுப்பு நாய் ஓடிவந்து, தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றது என்று அந்தக் காலத்திலேயே அச்சடித்து விற்றார்கள். பக்கத்து ஊரான பிளைத்பரோ தேவாலயத்தின் கதவில் உள்ள கருகிய தடங்களை அதன் நகக்கீறல் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

நம் பக்கம் வந்தால், இந்தப் பொருளுக்கு நேராகவே ஆள் இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் எமனுக்கு இரண்டு நாய்கள். சரமை என்ற பெண்நாயின் பிள்ளைகள் என்பதால் சாரமேயர். ஆளுக்கு நான்கு கண், அகன்ற மூக்கு. வழியைக் காக்கும், எமனின் தூதர்களாக மனிதர்களுக்கு நடுவே திரியும். நான்கு கண் என்றால் என்னவோ என்று மலைக்க வேண்டாம். நம் தேயிலைத் தோட்ட லயன்களில் படுத்திருக்கும் கறுப்பு நாய்களைக் கவனியுங்கள். சிலதுக்குப் புருவம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக இரண்டு பொட்டு இருக்கும். தூங்கும்போதும் முழித்துப் பார்க்கிற மாதிரியே தோன்றும். பார்சிகளின் சாவுச் சடங்கில் பிணத்தைப் பார்க்க வைக்கும் 'நாலுகண் நாய்' இப்படிப் பொட்டு வைத்த நாய்தான்.

நாய் ஊளையிட்டால் எமன் வருவது அதன் கண்ணுக்குத் தெரிகிறது என்று நம் பாட்டிமார் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சாவுக்கு அருகில் நிற்பது நாய் என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் நம்மிடம் அந்த நாய் கெட்டதாக இல்லை. பைரவருக்கு வாகனமே நாய். தருமர் கூடவே கடைசிவரை நடந்த நாய் தருமதேவதை.

எனவே என் தேர்வு 'எமநாய்'. கேட்ட உடனே புரியும், இழுத்து விளக்க வேண்டாம். கொஞ்சம் செறிவான நடைக்கு 'கூற்றநாய்' எழுதலாம். உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் எமனுக்குக் கூற்றம், கூற்றுவன் என்று பெயர் என்பார்கள். நரகம் என்ற பொருளே வேண்டும் என்கிறவர்களுக்குத் திருக்குறள் தரும் சொல் 'அளறு'. சேறு என்பதும் அதற்குப் பொருள். அதிலிருந்து 'அளற்றுநாய்' என்று அமைக்கலாம், இலக்கணத்துக்கும் பொருந்தும். என்ன, வாசிக்கிறவர் ஒரு நொடி தடுக்கி நிற்பார். 'பேய்நாய்' வேறு. செத்த நாயோ செத்த மனிதனோ ஆவியாக அலைவது பேய். பிளாக் ஷக் மாதிரி சாலையோரம் தோன்றி மறைவதற்கு அது பொருந்தும், கெர்பெரோஸுக்குப் பொருந்தாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதுமலை, மசினகுடிக் காடுகளின் செந்நாய்க்கு இந்தப் பெயர்களில் எதையும் சூட்டாதீர்கள். இரை உயிரோடிருக்கும்போதே தின்னத் தொடங்குகிறது என்பதற்காக வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதைப் பேயாகவே எழுதினார்கள். கொன்றவர்களுக்குப் பணமும் கொடுத்தார்கள். அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிற, சீழ்க்கையடித்துக் கூட்டத்தைக் கூப்பிடுகிற, வேட்டையில் குட்டிகளை முதலில் தின்னவிடுகிற மிருகம். உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கிறது. அதற்குச் செந்நாய் என்ற பெயர் போதும்.