பதிகை: ‘லாக்’ என்ற சொல்லும் ஆண்ட்ராய்டில் அதன் இணக்கமும்

லாக் என்றால் மரக்கட்டை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கப்பலோட்டிகள், முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்தார்கள். மணற்கடிகை வடிவதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறதோ, அதுவே கப்பலின் வேகம். (‘நாட்’ என்ற அளவும் இங்கிருந்து வந்ததுதான், நாட் என்றால் முடிச்சு.) அந்தக் கணக்கை எழுதிய ஏடு லாக்புக். ஏட்டின் பெயர் தேய்ந்து மறுபடி லாக் ஆயிற்று. நிகழ்வதை நிகழ்ந்த நேரத்தோடு எழுதி வைப்பது என்ற பொருளோடு கணினிக்குள் வந்தது.

தமிழில் பலரும் ‘பதிவு’ என்கிறார்கள். அது போதாது. ‘பயனர் பதிவு தோல்வி’ என்று திரையில் வந்தால், பயனர் கணக்குத் தொடங்க முடியவில்லையா, லாக் எழுதப்படவில்லையா? ‘பதிகை’ இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் புகுபதிகை, விடுபதிகை வழியாக ஏற்கெனவே பழகிய சொல்லும்கூட. லாகிங் லைப்ரரி, அதாவது செயலிக்காக லாக் எழுதித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு, பதிகை நூலகம். அந்த நூலகம் ஆண்ட்ராய்டில் ஒத்துப்போய் ஓடுகிறதா என்ற கம்பாட்டிபிலிட்டிக்கு ‘இணக்கம்’ சரி. ‘ஒத்திசைவு’, இரண்டு இடத்துத் தரவை ஒன்றுபோல் ஆக்கும் சிங்க் (sync) என்பதற்கு உரியது.

சில ஜாவா பதிகை நூலகங்கள் ஆண்ட்ராய்டோடு இணங்காததற்குக் காரணம் மொழி அல்ல, விடுபட்ட வகுப்புகள் (கிளாஸ், ஜாவா நிரலின் கட்டுமான அலகு). லாக்4ஜே 2 என்ற பதிகை நூலகத்தின் கோர் பகுதி நாடும் ஜாவாஎக்ஸ்.நேமிங், ஜாவா.லாங்.மேனேஜ்மென்ட் இரண்டும் ஆண்ட்ராய்டில் கிடையாது. செயலியின் நிரலைச் சுருக்கும் கருவியான ஆர்8 ‘மிஸ்ஸிங் கிளாஸ்’ என்று எச்சரிக்கும்போது, ‘எச்சரிக்காதே’ என்னும் டோன்ட்வார்ன் விதியைப் போட்டு அடக்கினால் பில்ட் (செயலியைக் கட்டும் வேலை) முடிந்துவிடும்; ஆனால் அந்த வகுப்பைத் தொடும் வரி ஓடும்போது செயலி நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் (வகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழை) தந்து விழும். எச்சரிக்கையை அடக்குவது தீர்வே அல்ல.

இன்னொரு ஜாவா பதிகை நூலகமான எஸ்எல்எஃப்4ஜே வெறும் முகப்பு; செயலி அதைத்தான் அழைக்கும். எழுதுவது பின்னால் உள்ள நூலகம். முகப்பு 2.0 பதிப்பாகவும் பின்னால் உள்ள நூலகம் 1.7 பதிப்புக்கு உரியதாகவும் இருந்தால், 2.0 அதைக் கண்டுகொள்ளாது. தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரும், பிறகு ஒரு வரிகூட வராது. இரண்டையும் ஒரே பதிப்பு வரிசையில் வையுங்கள். கோப்பில் எழுத வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டுக்கென்றே மாற்றி அமைத்த லாக்பேக்-ஆண்ட்ராய்டு உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும், பிழை தேட எழுதும் டீபக் (debug) மட்ட வரிகள் மட்டும் ஆண்ட்ராய்டின் பதிகையைக் காட்டும் லாக்கேட்டில் காணோமா? ஆண்ட்ராய்டுக்கான பின்னால் உள்ள நூலகம் எஸ்எல்எஃப்4ஜே-ஆண்ட்ராய்டு; அது ‘இந்த மட்டத்தில் எழுதலாமா’ என்று சொல்லும் ஆண்ட்ராய்டின் இஸ்லாகபிள் (isLoggable) என்பதைக் கேட்டுத்தான் எழுதும்; அதன் இயல்பு மட்டம் இன்ஃபோ, டீபக் அதற்குக் கீழே. கணினியிலிருந்து கருவிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில், செட்ப்ராப் கட்டளையால் ‘லாக்.டேக்.’ என்பதோடு உங்கள் குறிச்சொல்லை (ஒவ்வொரு வரியோடும் வரும் டேக்) சேர்த்து, அதன் மதிப்பை டீபக் என மாற்றுங்கள். கருவியை அணைத்துப் போட்டால் இது அழிந்துவிடும். நேரடியாக இஸ்லாகபிளை அழைப்பவர்கள், ஏபிஐ 25 வரையிலான ஆண்ட்ராய்டு பதிப்புகளில் குறிச்சொல் 23 எழுத்துகளைத் தாண்டினால் இல்லீகல்ஆர்கியூமென்ட்எக்செப்ஷன் என்ற பிழை வரும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.