கிருகலட்சுமி 2000 ரூபாய் எங்கே சிக்குகிறது?

கர்நாடகத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2000 ரூபாய் தரும் கிருகலட்சுமி திட்டம் 2023 ஆகஸ்டில் தொடங்கியது. ‘பெங்களூரு ஒன்’ அரசு சேவை மையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தலைவி யார் என்பதை ரேஷன் கார்டுதான் முடிவு செய்கிறது. கார்டில் மாமியார் தலைவியாக இருந்தால் பணம் அவருக்குத்தான். மருமகள் விண்ணப்பித்துப் பயனில்லை. மாமியார் இறந்திருந்தால், இறப்புச் சான்றைக் கொடுத்து முதலில் கார்டைத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தத்தை உணவுத் துறை விட்டு விட்டுத்தான் திறக்கிறது. “சர்வர் இல்லை” என்று திருப்பி அனுப்பினால், “திருத்தம் திறந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். சர்வர் கோளாறு வேறு, திருத்தம் மூடியிருப்பது வேறு.

பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ குடியிருந்துகொண்டு ஊர்க் கார்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டு முன்னுரிமைக் கார்டில் இங்கே ரேஷன் அரிசி வாங்கலாம், கிருகலட்சுமி கிடைக்காது. கர்நாடகக் கார்டில் சேரும் முன் ஊர்க் கார்டில் பெயரை நீக்கிவிடுங்கள்.

நீங்களோ கணவரோ வருமான வரி கட்டினாலும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்தாலும் தகுதி போய்விடும். எப்போதோ மூடிய கடையின் ஜிஎஸ்டி பதிவு உயிரோடு இருந்தால்கூட வம்பு. கணவரின் பான் எண்ணைப் போட்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு இருந்தால் ரத்து செய்து, ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிக அலைச்சல் வங்கியில்தான். “ஆதார் லிங்க் ஆயிடுச்சு” என்பார்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, பணம் வராது. வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் அந்த வங்கி ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். “என்பிசிஐ சீடிங் ஆகியிருக்கிறதா?” என்று இதே சொல்லில் கேளுங்கள். ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பகுதியில் நீங்களே பார்க்கலாம்; ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓடிபி வரும். கடைசியாகச் சேர்த்த வங்கிக்குத்தான் பணம் போகும். அதனால் பாஸ்புக் காலியாக இருக்க, சிம் வாங்கும்போது திறந்து மறந்துபோன பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கில் தொகை கிடக்கலாம்.

பெயரிலும் ஒரு கண்ணி. இனிஷியல் ஆதாரில் முன்னாலும் பாஸ்புக்கில் பின்னாலும் இருந்தால், அல்லது கணவர் பெயர் ஒன்றில் மட்டும் ஒட்டியிருந்தால், சரிபார்ப்பில் நின்றுவிடலாம். ஆதாரை வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் மையத்தில் வாதாடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். அவர்களால் பதிவு மட்டுமே செய்ய முடியும். பெண்கள், குழந்தைகள் நலத் துறையின் சிடிபிஓ (குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அதிகாரி) அலுவலகத்துக்குப் போங்கள். வாய்மொழியாகச் சொல்லாமல் மனுவாக எழுதி, விண்ணப்ப ரசீது, ரேஷன் கார்டு, சீடிங் பக்கம் ஆகியவற்றின் நகலைச் சேர்த்துக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.