சிரிக்க வைத்தவர் சொன்ன வைத்தியம்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஊசி. அந்த மாதம் என் கிளினிக்குக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "போடலாமா சார்?" என்று கேட்க மட்டுமே வந்தார்கள். வாட்ஸ்அப் வதந்தி அப்படி.

ஒரு அப்பா போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒருவர் ஊசியைக் கிண்டலடிக்கிறார். எனக்கே சிரிப்பு வந்தது. "இவர் அரசியல்ல சொன்னதெல்லாம் அப்படியே நடந்திருக்கு சார்" என்றார் அப்பா. எனக்குச் சட்டென்று இத்தாலியின் நகைச்சுவைக் கலைஞர் பெப்பே கிரில்லோ ஞாபகம் வந்தார்.

கிரில்லோ படித்தது கணக்குப்பதிவியல், பிழைப்பு நகைச்சுவை. 1986-ல், அன்றைய பிரதமர் கிராக்ஸியின் சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் சீனாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே எல்லோருமே சோஷலிஸ்டுகள் என்றால் இவர்கள் யாரிடம் திருடுவார்கள் என்று டிவியில் கேட்டார் கிரில்லோ. அரசு டிவியின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. சில வருடங்களில் லஞ்ச வழக்குகள் வெடித்தன, கிராக்ஸி துனிசியாவுக்கு ஓடினார். பார்மலாட் பால் நிறுவனத்தின் கடன்களையும் கிரில்லோ மேடையில் கிழித்தார். 2003 டிசம்பரில் அதுவும் சரிந்தது. கணக்கு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் ஏமாறவில்லை.

சரி, அதே வாய்தான் 1998-ல் எய்ட்ஸ் என்பதே புரட்டு என்றது, தடுப்பூசிகளையும் நையாண்டி செய்தது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட, பின்னால் திரும்பப் பெறப்பட்ட, லான்செட் மருத்துவ இதழின் அந்தக் கட்டுரை வந்ததும் அதே வருடம்தான். பத்திரிகையும் டிவியும் விலைபோனவை என்பது கிரில்லோவின் நிலையான வாதம். 2005-ல் சொந்த வலைப்பூ, 2009-ல் ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற அரசியல் கட்சி. அதில் தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு டிவி விவாதங்களுக்குப் போகாதே என்று உத்தரவு. டிவி அவரை நடத்திய விதத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் மேடையில் தனியாகப் பேசுகிறவரைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. எனக்கு அதுதான் உறுத்தல். சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் எழுந்து "ஆதாரம்?" என்று கேட்பவனை எல்லோரும் முறைப்பார்கள்.

தட்டம்மை இருக்கும் குழந்தை அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். 100 பேரில் 95 பேராவது ஊசி போட்டிருந்தால்தான் ஊசி போடும் வயதே ஆகாத கைக்குழந்தைகள் தப்பிக்கும். 2015-ல் இத்தாலியில் அது 100-க்கு 85 பேர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கிரில்லோவை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். ஊசியால் ஆட்டிசம் வந்ததென்று 2012-ல் ஒரு நீதிமன்றமே தீர்ப்பளித்து, மேல்முறையீட்டில் அது ரத்தானது. எப்படியோ, 2017-ல் அங்கே ஏறக்குறைய 5,000 பேருக்குத் தட்டம்மை, நான்கு மரணம். பத்துத் தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது.

2019 ஜனவரியில் கிரில்லோவே தடுப்பூசியை ஆதரிக்கும் விஞ்ஞானிகளின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். அதற்கு அவர் ரசிகர்களே அவரைத் திட்டினார்கள். கிளப்பிவிட்ட சந்தேகம் அதற்குள் அவர் கையை மீறிப் போயிருந்தது.

அந்த அப்பாவிடம் அன்று நான் வீடியோக்காரரைத் திட்டவில்லை. "அரசியலில் அவர் கெட்டிக்காரராக இருக்கட்டும், தட்டம்மை வந்த எத்தனை குழந்தைகளை அவர் பார்த்திருப்பார்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும்னு சொல்றாரே, அதுவும் பொய்யா?"

"இல்லை, அது நிஜம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாக வரலாம். பாராசிட்டமால் போதும். பயப்பட வேண்டியது தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியாவுக்கு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மகளின் தடுப்பூசி அட்டையை நீட்டினார். ஊசி போட்டு, அவள் அழுது முடிப்பதற்குள் மறுபடியும் போனை எடுத்துவிட்டார்.

"சார், அப்புறம் என் சுகர் மாத்திரை பத்தியும் இவர் ஒண்ணு பேசியிருக்கார்..."