கல் தூசியும் தூசிதான், அதுவும் கொல்லும்

"இயற்கைக் கல்தானே டாக்டர், ரசாயனம் எதுவும் கலக்கவில்லையே?" கல் அறுக்கும் ஒரு நோயாளி இந்தக் கேள்வியை மறுபடியும் என்னிடம் கேட்டதால் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறேன். அண்மையில் வந்தவர் வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, மணற்கல் பாளங்களைத் தண்ணீர் இல்லாமல் ஆங்கிள் கிரைண்டரில் அறுத்து, கத்தி தீட்டும் சாணைக்கல்லாக விற்பவர். காசிமேட்டில் மீன் வெட்டித் தருபவர்கள் அவரிடம்தான் வாங்குகிறார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காசநோய் என்று சொல்லி இரண்டு முறை முழுச் சிகிச்சையும் கொடுத்திருக்கிறார்கள். சளியில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதி முழுக்கப் பொடிப்பொடி முடிச்சுகள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவரை யாரும் கேட்கவே இல்லை. அவருக்கு இருப்பது சிலிக்கோசிஸ், அதாவது கல் தூசி படிந்து நுரையீரல் தழும்பேறும் நோய்.

கத்தியைத் தீட்டுவது கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. எஃகைவிடக் கடினமானது என்பதால்தான் எஃகைத் தேய்க்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் எடுக்கப்படும் புகழ்பெற்ற நோவாகுலைட் சாணைக்கல் ஏறக்குறைய முழுவதுமே சிலிக்கா. மணற்கல்லிலும் பெரும்பகுதி அதுதான். கடையில் விற்கும் செயற்கைக் கற்கள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடிலோ சிலிக்கன் கார்பைடிலோ செய்யப்படுபவை. ஆக, அறுக்கும்போது அதிகம் பயப்பட வேண்டியது இயற்கைக் கல்லுக்குத்தான். மண்ணிலிருந்து வந்தது உடம்பைக் கெடுக்காது என்று யார் சொன்னார்கள்? ஆஸ்பெஸ்டாசும் ஆர்சனிக்கும் மண்ணிலிருந்து வந்தவைதானே! படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று 1997இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

"கடற்கரை மணலில் புரண்டு வளர்ந்தவன் நான்" என்பார்கள் அடுத்து. மணல் துகள் மூக்கைத் தாண்டி உள்ளே போகாது, அவ்வளவு பெரியது. அறுக்கும்போது பறப்பதில் மைக்ரான் கணக்கிலான துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அவைதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகின்றன. கண்ணில் படும் தூசி அடங்கிய பிறகும் அவை காற்றில் மிதக்கும்.

இது புதிய செய்தியும் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மணற்கல் சக்கரத்தில் முள்கரண்டிகளை உலரத் தேய்த்தவர்கள் முப்பது வயதை ஒட்டியே இறந்துகொண்டிருந்தார்கள் என்று மருத்துவர் அர்னால்டு நைட் 1830இல் எழுதினார். தண்ணீர் விட்டுத் தேய்த்தவர்கள் அவர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

ஆகவே தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் இடைவிடாமல் விழ வேண்டும். அவ்வப்போது ஒரு கை தெளிப்பது போதாது. மின்கருவி என்பதால் தண்ணீருக்கென்றே வடிவமைத்ததையே வாங்குங்கள். கைக்குட்டை கட்டுவதை விட்டுவிடுங்கள், அது இந்த நுண்தூசியைத் தடுக்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது பொருந்தாது. காய்ந்த கல் சேற்றைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் வழித்தெடுங்கள். வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள், தயவுசெய்து.

வீட்டில் கல்லை நனைத்து அரிவாள்மனையைத் தீட்டுபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

சக மருத்துவர்களே, சளியில் கிருமி இல்லாமல் காசநோய் மருந்தை மறுபடி எழுதும் முன் தொழிலைக் கேளுங்கள். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் இரண்டையும் தேட வேண்டும். சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் சிலருக்கு அது முற்றிக்கொண்டே போகிறது. கல் அறுக்கும் வேலையில் இருப்பவர்கள் இருமல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "நான் கல் அறுக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள்.